மூடியில் எழுதிய எண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கட்டுரை. ‘கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று ஒரு கணக்கு. நிலத்தைப் பண்படுத்துவதில் தொடங்கி, மனிதர்களின் பண்பாட்டுக்கு ஏறி, கடைசியில் ஆய்வுக்கூடத்தில் தட்டில் கிருமி வளர்ப்பதில் வந்து நிற்கிற சொல். மூன்று பத்தி எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. கட்டுரையில் ஆளே இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘காலை வெயில் ஆய்வுக்கூடத்தின் திறந்த சன்னல் வழியாக—’

வேண்டாம். கிருமி வளர்க்கிற அறையில் எவரும் சன்னலைத் திறந்து வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது: அவளை அங்கே எல்லோரும் ‘தட்டு மேடம்’ என்பார்கள். பதினெட்டு வருடமாக ஒரே வேலை. புண்ணில் எடுத்த சீழைத் தட்டில் தடவி, உடல் சூடுள்ள பெட்டியில் வைத்து, முளைக்கிற கிருமி எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

(சரி, இதையே பிடித்துக்கொள்வோம்.)

3

அவளுடைய தம்பி அகராதி தொகுக்கிறவன். ஒரு சொல்லை வைத்துப் பிழைக்கிறவர் வாயால் ஒரு வாக்கியமாவது கேட்காமல் அதை அகராதி அட்டையில் எழுத மாட்டான். அப்படி ஒரு கிறுக்கு. செவ்வாய்க்கிழமை காலை அட்டையோடு வந்து நின்றான்.

“அக்கா, கல்ச்சர்னு ஒரு வாக்கியம் சொல்லேன். நீ தினம் பேசுற மாதிரியே.”

“இருடா.”

அவள் முன்னால் இரண்டு தட்டுகள். எண்ணை எப்போதும் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடி எந்தத் தட்டின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித் தருகிற பாடம் அது. இந்த இரண்டிலும் அடி ஈரமாக இருந்து பேனா பிடிக்காததால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியில் எழுதியிருந்தாள். இப்போது இரண்டையும் ஒன்றாகத் திறந்து பார்த்து, கைக்கு வந்த மூடியைப் போட்டு மூடியும் விட்டாள்.

எந்த மூடி எதனுடையது?

ஒன்று ஒரு ஆசிரியையின் விரலில் எடுத்தது, அவசரமில்லை. மற்றது லாரி ஓட்டுநரின் காலில் எடுத்தது. மருந்து தப்பாகிப் போனால் அந்தக் காலை எடுக்க வேண்டியதுதான். இரண்டு கிருமிக்கும் பொதுவான மருந்தும் அகப்படவில்லை.

4

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இத்தனை அனுபவம் உள்ளவள் இப்படிச் செய்வாளா? செய்வாள். கை பழகிய பிறகுதான் கவனம் நழுவும்.)

‘அவள் உத்தேசமாக ஒரு தட்டை எடுத்து—’

எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. அவள் அந்த மாதிரி ஆள் இல்லை.

“பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குல்லக்கா?” என்றான் தம்பி.

“அந்த ஆளோட கால் பாதிக்குப் பாதி வராதுடா.”

அறுவை மருத்துவருக்குப் போன் போட்டாள். “டாக்டர், என் தப்புதான். தட்டு மாறிப்போச்சு. புதுசா எடுத்து அனுப்புங்க.”

“வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்கு மேல கால் தாங்காது. நடந்ததை எழுத்துல குடுங்கம்மா.”

“இப்பவே குடுக்கறேன்.”

கடிதத்தை ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போனாலும் போகட்டும். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“எழுதிக்கோ. ‘கல்ச்சர் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் காலை எடுத்துடாதீங்க.’”

அவன் ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதிக்கொண்டான்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் ஓட்டுநர் நடந்து வீட்டுக்குப் போகிறார். மற்றதில் ஊன்றுகோலோடு. எத்தனை முறை திருத்தினாலும் இரண்டிலும் அவளுடைய கடிதம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அடிக்க எனக்கு மனமில்லை.

வியாழக்கிழமை காலை மணி பத்து. சூட்டுப் பெட்டியிலிருந்து புதுத் தட்டை வெளியே எடுத்துவிட்டாள். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. இந்தாருங்கள், பிடியுங்கள். மூடியைத் திறக்கும் முன் அடியில் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.