இரு விரல்கள் எடுத்த ஏலம்

எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் குறிப்பாணைகள் எழுதியதன்றி எனக்கு வேறு எழுத்துப் பயிற்சி இல்லை. பிழைகளைப் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

முப்பத்தோராண்டுகளாக நான் சிகரெட் புகைத்துவந்தேன். என் மகள் ஜெப்சி, பிறந்த குழந்தையுடன் களியக்காவிளையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேத்தியை வாங்க நான் நீட்டிய கைகளை முகர்ந்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள்.

“அப்பா, பதினஞ்சு நாளு சிகரெட்டத் தொடாம இருங்க. பெறவு பிள்ளையத் தாறேன். இடையில ஒண்ணு பத்த வச்சாலும் மொதல்லேருந்து எண்ணணும்.”

மூன்றாம் நாள் தலை கனத்தது. ஐந்தாம் நாள், மின்விசிறி இரைகிறதென்று என் மனைவி லீலாபாயிடம் சண்டையிட்டேன். விசிறியோ ஓடவே இல்லை. கிராம்பு மென்று மென்று நாக்கு மரத்தது. வலக்கைதான் சற்றும் கீழ்ப்படியவில்லை. அதன் இரு விரல்கள் தாமாகவே உதட்டுக்குச் சென்று வெறுங்காற்றை இழுத்துத் திரும்பின.

பதினான்காம் நாள் எங்கள் ஆலயத்தில், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களைச் சபை மூப்பர் ஷாஜன் ஏலமிட்டார். எங்கள் சபையில் ஏலம் கேட்பவர் வாய் திறப்பதில்லை. விரலை உயர்த்தினால் போதும்.

“சேவலு ஜான்ரோஸ் அண்ணனுக்கு. மூணு தரம்.”

என் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டு, உதட்டருகே இருந்த கையை இறக்கினேன். அடுத்த பொருளுக்குள் அது மீண்டும் உதட்டுக்குப் போயிருந்தது. மட்டி வாழைப்பழக் குலையும் எனக்கே விழுந்தது. காணிக்கைப் பொருளை வேண்டாமென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

லீலாபாய் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். “கோழிப்பண்ணை வைக்கப் போறியளா?”

“கை தானா போச்சு.”

“செரி, அந்தக் கையில சேவலப் பிடிச்சுக்கிட்டு நடந்து வாங்க. நான் பிள்ளைகிட்டப் போறேன்.”

தோளில் குலையும் அக்குளில் சேவலுமாக நெடுஞ்சாலைக் கடையருகே வந்தபோது பிபின் எதிர்ப்பட்டான். பல்லாண்டுகளாக என்னோடு அங்கே நின்று புகைத்தவன்.

“அண்ணே, பண்டிகையுமா ஒண்ணு வலியும்.”

“கை ஒழியல்லியே மக்கா.”

உண்மையில், கை ஒழிந்திருந்தால் வாங்கியிருப்பேன். அவன் சிகரெட்டைப் பற்றவைத்தான்.

“வாயத் தொறயும். நானே வச்சுத் தாறேன்.”

வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்: வாயைத் திறந்தேன். அப்போது சேவல் சிறகடித்தது. சிகரெட் சாலையோர ஓடையில் விழுந்தது.

“நாசமாப் போற சேவலு. நில்லும், இன்னொண்ணு இருக்கு.”

அவன் தீப்பெட்டியைத் தேடிய அந்தச் சிறு பொழுதில் குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

“வேண்டாம் மக்கா. நாளை கழிஞ்சாப் பேத்தியத் தூக்கணும்.”

“ஓய், இது செரியில்ல,” என்று அவன் பின்னால் சிரித்தான். நான் நிற்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் ஜெப்சி என் கைகளை முகர்ந்தாள்.

“சேவல் நாத்தம்லா அடிக்கு. கைய நல்லாக் கழுவீட்டு வாங்க.”

இருமுறை சோப்பிட்டுக் கழுவி வந்தேன். குழந்தையைத் தந்தாள். அது என் இரு விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அன்று காலை முழுவதும் அவை உதட்டுக்குப் போகவில்லை.

இதில் நான் இழந்தவை: சேவல் கிழித்த வெள்ளைச் சட்டை ஒன்று. ஆலயத்தில் மறந்த குடை ஒன்று. லீலாபாய் என்னோடு பேசாதிருந்த நாட்கள் நான்கு. ஓடையில் விழுந்த சிகரெட் ஒன்று, அதுவும் பிபினுடையது.