பதினெட்டாவது பரிந்துரை

"நான் சொன்னதா மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்கம்மா, என் வேலை போயிடும். உங்க ஆராய்ச்சியில ஒரு குறையும் இல்லையாம். நேர்காணலும் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. கடிதம்தான் காலை வாரிடுச்சு."

"எந்தக் கடிதம்?"

"உங்க பேராசிரியர் குடுத்த பரிந்துரைக் கடிதம். சப்புன்னு இருந்துச்சாம்."

அந்தக் கட்டடத்தில் போனில் குரல் தெளிவாகக் கேட்பது இரண்டாம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் மட்டும்தான். மணல் வாளிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஓரடி இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு அவள் நின்றாள். பேசியவர், போன வாரம் அவளை நேர்காணல் செய்த ஆய்வு நிறுவனத்தின் அலுவலகப் பெண்மணி. சான்றிதழ் நகல்களைத் திருப்பித் திருப்பி அனுப்பிய வகையில் இருவருக்கும் பழக்கமாகியிருந்தது.

"அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு மேடம்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "'கொடுத்த வேலையைத் தவறாமல் முடிப்பவர். நேரத்துக்கு வருபவர். எல்லோருடனும் ஒத்துப்போகக் கூடியவர்.' இதைப் படிச்சுட்டு குழுவில ஒருத்தர், 'நாம விஞ்ஞானியைத் தேடுறோமா, வாட்ச்மேனைத் தேடுறோமா'ன்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம். எழுதியவளே அவள்தான்.

"அதே பேராசிரியர் உங்க லேபிலிருந்து வந்த இன்னொருத்தருக்கும் எழுதியிருக்காரே, அதைப் பார்க்கணுமே!" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "'இவர் கேட்ட சில கேள்விகளுக்குப் பதில் தேடி நான் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். இவரை அனுப்புவது என் ஆய்வகத்தின் ஒரு ஜன்னலை அடைப்பது போல.' படிச்சப்ப எனக்கே அந்தத் தம்பியை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்போல இருந்துச்சு. ஒரே ஆள் ஒருத்தருக்கு அப்படியும் இன்னொருத்தருக்கு இப்படியும் எழுதினா, குழு என்னம்மா நினைக்கும்?"

அதை எழுதியவளும் அவள்தான்.

நன்றி சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகும் காதில் அந்தச் சிரிப்பு கேட்டது. யாரென்று தெரியாத ஐந்தாறு பேர், நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், நடுவில் அவளுடைய மூன்று வரி. இத்தனை வருடத்தில் அவளுக்கு ஆயாசம் வந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது. கோபம் இவ்வளவு சுத்தமாக, கலப்படமே இல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

அவர்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேராசிரியர் யாருக்கும் கடிதம் எழுதமாட்டார். யார் போய்க் கேட்டாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நீயே ஒண்ணு எழுதிக் கொண்டா, கையெழுத்து போட்டுடறேன்" என்பார். கேட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு அவளிடம் வருவார்கள். அவளுக்கு வாக்கியம் நன்றாக வரும். "அக்கா, எனக்கு ஒண்ணு" என்று நிற்பார்கள். ஐந்து வருடத்தில் பதினேழு கடிதங்கள். லேபில் அவளுக்குத் 'தலைமை எழுத்தர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கதைப் புத்தகங்களில் யாரோ ஒருவர் அறைக்குள் நுழைந்ததுமே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதுபோல ஒரு மனிதரைக் காகிதத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எழுதுவதற்கு முன் ஒரு வாரம் அந்த ஆளையே கவனிப்பாள். சோதனை பாழானால் முதலில் யாரைத் திட்டுகிறார், கழுவாத குடுவையை யார் தலையில் கட்டுகிறார், எல்லாம் பார்ப்பாள். பிறகுதான் எழுதுவாள். அந்தப் பதினேழு பேரும் எங்கெங்கோ போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தவள் மட்டும் மணல் வாளிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

தனக்கென்று முதல் தடவை எழுதியபோது அவள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. உள்ளது உள்ளபடி எழுதியிருந்தாள். பேராசிரியர் அதை இரண்டு மாணவர்கள் இருக்கும்போதே உரக்கப் படித்தார். "என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு? கொஞ்சம் அடக்கி வாசி" என்று சிரித்தார். மாணவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அன்று இரண்டு வரிகளை வெட்டினாள். அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு. தன்னைப் பற்றி எந்த நல்ல வார்த்தையை எழுதப் போனாலும் அந்தச் சிரிப்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது அந்த மூன்று வரிதான்.

அவள் முனைவர் பட்டம் வாங்கி இந்த மாதக் கடைசியோடு ஐந்து வருடம் முடிகிறது. புதிய ஆய்வாளர்களுக்கான பதவிகளுக்கு ஐந்து வருடம்தான் கெடு. அதற்குப் பிறகு அவள் புதியவளும் இல்லை, நிரந்தர வேலை இல்லாததால் அனுபவசாலியும் இல்லை. பாக்கியிருப்பது ஒரே ஒரு விண்ணப்பம். வேறொரு நிறுவனம், இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அவள் பக்கத்து வேலை எல்லாம் ஆகிவிட்டது. பேராசிரியரின் கடிதம் மட்டும் ஏறவேண்டும். நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி, அதே வாட்ச்மேன் கடிதத்தைத்தான் முந்தாநாள் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். நல்லவேளை, அவர் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆய்வகத்துக்குள் நுழைந்தால், லேபில் எல்லோரும் 'ஒட்டகம்' என்று கூப்பிடும் அவளுடைய ஜூனியர் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு நின்றான். நாள் முழுக்கத் தண்ணீரைச் சோதிப்பான், ஒரு வாய் குடிக்கமாட்டான். அதனால் அந்தப் பெயர். முப்பதை நெருங்குகிறான், நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அக்கா! எனக்குக் கிடைச்சிடுச்சுக்கா!" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று அடங்கினான். "உங்களுக்கு...?"

"இல்லை."

அவனுக்கு டப்பாவை நீட்டுவதா மறைப்பதா என்று தெரியவில்லை. "என்கிட்ட ஏதோ இருக்குன்னு இல்லைக்கா. சார் கடிதம்தான். குழுவில ஒருத்தர் ஒரு வரி படிச்சுக் காட்டினார். ஜன்னல்னு எழுதியிருந்தார்க்கா என்னை. ஆறு வருஷமா என் பேரைக்கூடச் சரியா கூப்பிடாத மனுஷன், மனசுக்குள்ள என்னை ஜன்னல்னு வெச்சிருக்கார் பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"நீ அவரைப் பார்த்துக் கேட்டப்போ என்ன சொன்னார்?"

"நீ போ, நான் பார்த்துக்கறேன்னார். மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி 'நீயே எழுதிக் கொண்டா'ன்னு சொல்லவே இல்லைக்கா."

"நீ போன உடனே எனக்குப் போன் பண்ணினார். உன்னோட கடிதத்தை எழுதினது நான்."

ஒட்டகம் அவளையே பார்த்தான். "அப்ப சார்?"

"கையெழுத்து போட்டார். அதுவும் கார்ல ஏறிக்கிட்டே."

அவன் முகம் விழுந்த விதத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. வேலை போனது அவளுக்கு, ஆறுதல் அவனுக்கா?

அவன் மெதுவாகக் கேட்டான். "அந்த ஜன்னல்... நீங்க நிஜமாவே நினைச்சு எழுதினதா, சும்மா எழுதினதா?"

"நினைச்சுத்தான்."

"அப்ப எனக்கு அது போதும்க்கா. உங்களை விடவா சாருக்கு என்னைத் தெரியும்?" டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். "அஞ்சு மணிக்கு இன்னொண்ணு இருக்குல்ல? நான் எழுதறேன் உங்களுக்கு. எல்போ விஷயத்திலிருந்து ஆரம்பிக்கறேன். ஒரு மணி நேரம் குடுங்க, குழுவைக் கதறவிடறேன். சார் வழக்கம்போலக் கையெழுத்து போடட்டும்."

எல்போ விஷயம் என்றால், குழாயின் வளைவு. குளோரின் போட்ட தண்ணீரிலும் சாகாத கிருமிகள் வீட்டுக் குழாய்களில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. உலகம் முழுக்க எல்லோரும் நேர்க்குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவள் வளைவுகளை அறுத்துப் பார்த்தாள். அந்த யோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். "நேரா போற குழாய் எங்கம்மா அடைக்கும்? திரும்பற இடத்துலதான் எல்லா வழவழப்பும்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பிறகு மூன்று வருடம், பழைய வீடுகளில் கழற்றிய வளைவுகளைச் சாக்கில் கட்டி, தேதியும் தெருவும் எழுதி, ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். இன்று அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுபவர் பேராசிரியர்.

ஒட்டகம் சொன்ன வழி நல்ல வழிதான். அவளுக்கு அது தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும்.

"வேண்டாம்" என்றாள்.

"அக்கா, வீம்புக்கு நேரமில்லைக்கா."

"வீம்புன்னே வெச்சுக்கோ. பதினொரு வருஷம் அந்த ஆள்கிட்ட வேலை செஞ்சிருக்கேன். என்னைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியணும்."

பேராசிரியர் அறை அடுத்த கட்டடத்தில். வெயிலில் நடந்து போகும்போது அவளுடைய அக்கா போன் பண்ணினாள். அவள் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கொதித்துவிட்டது.

"அடிப்பாவி! உன் வீட்டுச் சாவியைக் குடுத்து இன்னொருத்தனைக் குடிவெச்சுட்டு, நீ வாசல்ல நிக்கறியா? உனக்கு மண்டையில என்னடி இருக்கு?"

"விடுக்கா, அவன் மேல தப்பில்லை."

"அவனை யார் சொன்னா? உன்னைச் சொல்றேன். அந்தப் பெரிய மனுஷனைச் சொல்றேன். இரு, உங்க மாமா ஏதோ கேக்கறார்... அந்த ஆள் கையெழுத்தாவது தானா போடுவாரா, இல்ல அதுக்கும் நீதான் கையைப் பிடிச்சுக்கணுமாங்கறார்."

"இன்னிக்கு அவரையே எழுத வைக்கப் போறேன்."

"எழுதாட்டி?"

அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாத விஷயமாக இருந்தது. ஒரு நாள் கத்தியதில்லை, யாரையும் அவமானப்படுத்துவதாக நினைத்ததே இல்லை. அறைக்குள் எப்போதும் ஏசியின் குளிரும் பழைய காகித வாசனையும். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா வா, உட்காரு. நம்ம பையனுக்குக் கிடைச்சிடுச்சாமே! சந்தோஷம். உனக்கும் அடுத்ததுல கிடைச்சிடும், கவலைப்படாதே."

"அடுத்தது இன்னிக்கு அஞ்சு மணிக்கு சார். அதுதான் கடைசி."

"அதுக்கென்ன? நீயே ஒண்ணு எழுதி..."

"எழுதமாட்டேன் சார்."

அவர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. அவள் குரல் நடுங்கவில்லை. நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பதினேழு பேருக்கு நான் எழுதினேன். நீங்க கையெழுத்து போட்டீங்க. அவங்களை வேலைக்கு எடுத்தவங்க எல்லாரும் நீங்க எழுதினதா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு நானே எழுதினதை வாசிச்சு அந்தக் குழு சிரிச்சிருக்கு. வாட்ச்மேன் வேலைக்கான்னு கேட்டிருக்காங்க. அந்த வரிக்குக் கீழ உங்க பேர் இருக்கு சார். நீங்க அதைப் படிச்சீங்களா?"

"என்னம்மா இப்படிப் பேசறே? எனக்கு இருக்கற வேலையில..."

"படிச்சீங்களா சார்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கைம்மா. அவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்கேன் உன்மேல."

"அந்த நம்பிக்கையை ஒரு நாள் காகிதத்துல எழுதியிருக்கலாம்."

அவள் எழுந்துபோய் அவருடைய கணினியைத் திறந்து, ஒரு வெற்றுப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால். மேசையிலிருந்த போன் அடித்தது. அவர் கை அதை நோக்கிப் போனது, அவள் பார்வையைப் பார்த்துத் திரும்பி வந்தது. போன் அடித்து ஓய்ந்தது.

அவர் தட்டத் தொடங்கினார். இரண்டு விரலால், எழுத்துகளைத் தேடித் தேடி. "இவரை எனக்கு..." என்று அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை வருஷம்மா ஆச்சு, நீ வந்து?"

"பதினொண்ணு."

'பதினொரு ஆண்டுகளாகத் தெரியும்' என்று முடித்தார். முற்றுப்புள்ளி வைத்தார். அதற்குப் பிறகு விரல்கள் விசைப்பலகைக்கு ஓரங்குலம் மேலே நின்றுவிட்டன. பெரிய சபைகளில் நாற்பது நிமிடம் தாள் பார்க்காமல் பேசும் மனிதர். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் அந்தச் சின்னக் கோடு முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் நின்று கண்சிமிட்டியது.

"அந்தக் குழாய் ஆராய்ச்சி..." என்றார். "அதுல உன்னோட பங்குன்னு குறிப்பா... நீ ரெண்டு பாயிண்ட் சொன்னேன்னா, நான் விரிச்சு எழுதிடுவேன். சொல்லும்மா."

நுனிநாக்கு வரை வந்துவிட்டது. வளைவுகள், இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள், சாக்குமூட்டை, முதல் முடிவு வந்த அன்று அவள் இதே அறைக்கு ஓடிவந்து சொன்னது. ஒரு நிமிடம் போதும், எல்லாம் சொல்லிவிடலாம். அவர் எழுதிவிடுவார், அழகாகவே எழுதுவார். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, இரண்டு கைகளையும் அவர் மேசைமீது வைத்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் சார். ரெண்டாவது வரியை நீங்களே எழுதுங்க."