ரொறன்ரோவுக்குப் பேசி வைத்த பிள்ளை

என் மருமகள் துஷ்யாவை ரொறன்ரோவுக்குக் கொடுப்பது என்று எங்கள் குடும்பத்தில் முடிவாகி இரண்டு மாதம். கல்யாணத்துக்கு அல்ல, ஐஸ் ஹொக்கிக்கு. ரொறன்ரோ அணிக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது.

துஷ்யா என் தங்கை குமுதினியின் ஒரே பிள்ளை. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஒன்பது வயதில் யாரோ ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்கென்று ரொம்ஃபோர்ட் பனித்தளத்துக்குப் போனவள், திரும்பி வர மறுத்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் சலங்கை கட்டி அரங்கேற்றம் செய்த வயதில், இவள் இரண்டு காலிலும் மெத்தை கட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றாள். பனியில் வழுக்கிவரும் றப்பர் வட்டை மறிப்பதுதான் இவள் வேலை. அதற்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று நாலு வருடம் இலவசமாகப் படிப்பித்தும் விட்டது. இருபத்திரண்டு வயதில் பட்டத்தோடு வந்து நின்று, இனி வட அமெரிக்காவில் தொழிலாகவே விளையாடப் போகிறேன் என்றாள்.

விளையாடட்டும். ஆனால் எங்கே? எங்கள் சரோஜினி அக்கா ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் இருக்கிறா. ரொறன்ரோவில் ஒரு பெண்கள் அணி இருக்கிறது. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? அக்கா நிலவறையில் இருந்த அறைக்குப் புது வர்ணம் அடித்துவிட்டா. குமுதினி கனடாவுக்குப் போன யாரோ ஒருவரிடம் நாலு கிலோ மிளகாய்த்தூளை முன்கூட்டியே அனுப்பிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் துஷ்யா எங்களைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, 'ட்ராஃப்ட்' என்ற விதியை விளங்கப்படுத்தினாள். புதிதாக வரும் பிள்ளை தனக்குப் பிடித்த அணியில் போய்ச் சேர முடியாதாம். வருடத்தில் ஒரு நாள் எல்லா அணிகளும் கூடி, முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லுமாம். எந்த அணி உன் பெயரைச் சொல்கிறதோ, அந்த அணியோடு மட்டும்தான் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம்.

"இதென்ன சட்டம்? பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேக்க மாட்டினமே?" என்றாள் குமுதினி.

"கேக்க மாட்டினம், அம்மா. பேரைக் குடுக்கிறது மட்டும்தான் என்ர சொய்ஸ். மிச்சமெல்லாம் அவையின்ர சொய்ஸ்."

"பெரியம்மா அங்க இருக்கிறா எண்டு சொன்னனியே?"

"அதுக்கு ஃபோர்மில இடமில்லை."

இதைச் சொன்னபோது துஷ்யாவின் முகத்தில் ஒரு துளி கவலைகூட இல்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு நான் ஜெர்மனியில் அகதியாக இறங்கியபோதும் இதே கதைதான். ஒரு அதிகாரி வரைபடத்தைப் பார்த்து ஒரு ஊரைச் சொன்னார். என் சித்தப்பா பெர்லினில் இருக்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரைக்கொண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். அவருடைய ஃபோர்மிலும் இடமில்லை. நாலு வருடம் அந்த ஊரில் நானும் மாடுகளும்தான். அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது.  என் மருமகளைத் தெரியாத ஊரில் கொண்டுபோய்த் தள்ள விடமாட்டேன் என்று அந்த மேசையிலேயே முடிவு செய்தேன்.

என் தகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கிருஷ்ணராசா. கிழமை நாட்களில் குளியலறைகளுக்குத் தரை ஓடுகள் பதிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் கல்யாணம் பேசுகிறேன், இனாமாக. பதினேழு கல்யாணம் என் வாயால் முடிந்திருக்கிறது. பொருத்துவதைவிடக் கழற்றுவதில்தான் நான் கெட்டிக்காரன். எங்கள் ஆட்கள் ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று நேரே சொல்வதில்லை. "நல்ல இடம்தான், சாத்திரியார்தான் செவ்வாய் இடிக்குது எண்டு சொல்லிப்போட்டார்" என்போம். செவ்வாய் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. இரு வீட்டாரும் மரியாதையோடு பிரிவார்கள்.

குமுதினி தெரியாத இலக்கத்தில் இருந்து வரும் அழைப்பை எடுக்கமாட்டாள். அதனால் துஷ்யா, வீட்டாரின் தொலைபேசி என்று கேட்ட இடத்தில் என் இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். வினை அங்கே தொடங்கியது.

முதலில் மினசோட்டா அணியில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் எடுத்தார். நான் இல்ஃபோர்டில் ஒரு வீட்டுக் குளியலறையில் முழந்தாளிட்டு இருந்தேன். பிள்ளை எப்படி, கோபக்காரியா, தோற்றால் தாங்குவாளா, வீட்டில் எல்லாரும் ஒற்றுமையா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் அதே கேள்விகள்; சமையல் தெரியுமா என்பது மட்டும் குறைவு. பிள்ளையில் தங்களுக்கு மிகவும் விருப்பம் என்றார். ரொறன்ரோ அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். வீதியால் வந்தால் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் வரும் என்றார்.

இதற்கு மேல் என்ன பேச்சு? ஆனால் அமெரிக்கப் பெண்ணிடம் செவ்வாயைச் சொல்ல முடியாதே. என் முழங்கால் வேறு தரையில் நொந்துகொண்டிருந்தது. பெருமூச்சு ஒன்று விட்டு, "தங்கமான பிள்ளை, இடது முழங்கால்தான் குளிருக்குக் கொஞ்சம் பிடிக்குது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் அவசரமாக நன்றி சொல்லி வைத்துவிட்டார். செவ்வாயைவிட முழங்கால் நன்றாக வேலை செய்தது.

அடுத்தது ஒட்டாவா. கனடாதான், ஆனாலும் அக்கா வீட்டில் இருந்து ஐந்து மணித்தியாலம். முழங்கால். பிறகு பொஸ்ரன். முழங்கால். பொஸ்ரன்காரருக்கு மட்டும் மறதியில் வலது முழங்கால் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ரொறன்ரோ எடுத்தது. நான் வேலையை விட்டு எழும்பி, சட்டையைச் சரி செய்துகொண்டு பேசினேன். துஷ்யாவைப்போல் பிள்ளை உலகத்தில் இல்லை என்றேன். அந்த மனிதர் மரியாதையாக, "அவளுடைய இரண்டு முழங்கால்களைப் பற்றியும் கேள்விப்பட்டோம்" என்றார். முழங்காலா, இரும்பு ஐயா, இரும்பு என்று நான் கத்திய கத்தில் வீட்டுக்காரர் ஓடி வந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று தகப்பன் மூன்று தரம் சொன்னால் நானே அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுவேன். அந்த ஞானம் எனக்கு அன்று வரவில்லை.

ட்ராஃப்ட் நாளில் குமுதினி அறுபது ரோல்ஸ் பொரித்தாள். லண்டன் நேரம் மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடினோம். ஒரு சுற்று முடிந்தது. இரண்டு, மூன்று. ரொறன்ரோ பெயர் சொல்லும்போதெல்லாம் குமுதினி எழுந்து எழுந்து இருந்தாள். ஆறு சுற்றும் முடிந்தன. துஷ்யாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் மேலே போய் அறையைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு யாரும் ரோல்ஸைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை அவளைப் பயிற்சிக்கு ரொம்ஃபோர்டுக்கு நான்தான் என் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வான் நின்றதும் உண்மையைச் சொன்னேன். மினசோட்டா, செவ்வாய், முழங்கால், எல்லாம். கோல் காக்கிறவருக்கு முழங்கால்தான் முழுத் தொழிலும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.  அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். எனக்கு வானைவிட்டு இறங்கி ஓடலாம் போல் இருந்தது.

"மாமா, மினசோட்டா என்னை எடுக்கிறம் எண்டு முதலே சொன்னவை. உங்களோட கதைச்சது சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி."

"அங்க ஆரும் இல்லையே, பிள்ளை."

"அங்க இருந்த கோல்கீப்பர் ரிட்டயர் பண்ணீட்டா. நான் விளையாடலாம். ரொறன்ரோவில ரெண்டு பேர் இருக்கினம், நான் மூண்டாவது. வருசம் முழுக்க விளையாடாமல் வாங்கில இருந்து, சனிக்கிழமையில பெரியம்மாவோட ஆரோ ஒரு பெட்டையின்ர சாமத்தியச் சடங்குக்குப் போகவேண்டியதுதான்."

அந்த நேரத்தில் அணிகளோடு அவளுக்காக ஒப்பந்தம் பேசும் ஏஜென்ற் தொலைபேசியில் வந்தார். முழங்கால் கதை காதுக்கு எட்டியதும், இரவோடிரவாக அவளது முழங்கால் ஸ்கான் படங்களை எல்லா அணிகளுக்கும் அனுப்பிவிட்டாராம். இரண்டும் நல்ல சுகமாம். மினசோட்டாவும் கேட்கிறது, ரொறன்ரோவும் கேட்கிறது. விதியின் அடுத்த பக்கம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் எடுக்காத பிள்ளையில் யாருக்கும் உரிமை இல்லை. அவள் விரும்பிய அணியோடு கையெழுத்துப் போடலாம்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "பாத்தியே! மாமா சொன்ன பொய்யால இப்ப நீயே தெரிவு செய்யலாம்!" என்றேன். எடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்திக்கும் கிடைக்காத சலுகை இது என்று விளக்கவும் தொடங்கினேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. "உங்களுக்கு விளங்கேல்லை, மாமா. அவை எடுத்திருந்தால், அம்மா, சட்டம் அப்பிடி, ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்லியிருப்பன். இவ்வளவு நாளும் அதை நம்பித்தான் இருந்தனான். இப்ப என்ர வாயால சொல்லோணும்." வானை விட்டு இறங்கும்போது, "நீங்களே சொல்லுங்கோவன்" என்றாள்.

சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். பயிற்சி முடிந்து பார்க்கிங் வீட்டுக்கு வரும்வரை வசனம் தேடினேன். பதினேழு கல்யாணம் பேசிய வாய். சாத்திரியார், கிரகம், முழங்கால், எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் என்னிடம் வேறு வசனமே இல்லை.

குமுதினி வாசலிலேயே நின்றாள். ஏதோ ஓர் அணி கேட்ட செய்தி நாங்கள் வாய் திறக்கும் முன்பே அவளுக்கு எங்கள் முகத்தில் தெரிந்துவிட்டது. "ரொறன்ரோக்காரர்தானே எடுத்தவங்கள்? எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சொல்லட்டே?" என்று தொலைபேசியைத் தூக்கினாள். நான் இருமினேன். 

"அம்மா, நான் ரொறன்ரோவுக்குப் போகேல்லை. மினசோட்டாவுக்குப் போறன்" என்றாள் துஷ்யா.

குமுதினியின் முகம் வாடிப்போயிற்று. "அவங்கள் பிறகு பேர் சொல்லிட்டாங்களே? அந்தச் சட்டமே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். நான் மனசுக்குள் ஓம் என்று சொல் பிள்ளை, ஓம் என்று சொல் என்று மன்றாடினேன்.

"சட்டம் இல்லையம்மா. ரெண்டு பேரும் கேட்டவை. நான்தான் அங்க போகோணும் எண்டு சொல்லுறன். அங்கதான் என்னை விளையாட விடுவினம்."

குமுதினி தொலைபேசியைக் கையில் வைத்தபடியே கதிரையில் இருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் துஷ்யா அவளிடம் இப்படி நேருக்கு நேர் மாட்டேன் என்று சொன்னதை நான் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் யாருமே யாருக்கும் சொல்லிக் கண்டதில்லை. தங்கையின் கண் நிறைந்தது. என்மேல் பாய்வாளோ பிள்ளைமேல் பாய்வாளோ என்று தெரியாமல் நான் சுவரோடு நின்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துவிட்டு ஸ்காபுறோவுக்கு எடுத்தாள். "அக்கா, பிள்ளையை மினசோட்டாக்காரர் எடுத்திட்டாங்கள். ஓம், அக்கா. நாங்கள் எவ்வளவோ மண்டாடிப் பாத்தம். பிள்ளையும் அழுதவள்தான். அங்கத்தைச் சட்டம் அப்பிடியாம், ஒண்டும் செய்ய ஏலாதாம்." துஷ்யா திருத்தப் போனாள். குமுதினி கையை உயர்த்தி அவள் வாயைப் பொத்தினாள்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"எனக்கு உண்மையைச் சொன்னது போதும்" என்றாள். "அக்கா வர்ணமெல்லாம் அடிச்சுப்போட்டா."