மீனை விட்ட சிமியோன்

என்ரை மனிசன் சிமியோனுக்கு வாயைக் கட்டத் தெரியாதெண்டு ஆர் சொன்னது? கட்டினார். கட்டின இடம்தான் பிழை.

சீனி வருத்தத்தாலை கண் மங்கிப்போச்சு. ஒப்பரேசன் செய்யவேணும். சீனி இறங்காமல் கத்தி வைக்கமாட்டன் எண்டு கண் டொக்டர் சொல்லிப்போட்டார். ஈஸ்டர் முடிய எங்கடை மகள் ஜெசிதாவுக்குக் கலியாணம். மகளைக் கையிலை பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போகவேணும், அவளைக் கண்ணாலை பாக்கவேணும். இவருக்கு வேறை ஆசை இல்லை.

ஆசுப்பத்திரியிலை சாப்பாட்டு முறை சொல்லிக்குடுக்கிற பிள்ளை தனுசியா. பொறுமையாத்தான் சொன்னவள். "ஐயா, இறைச்சியைக் குறையுங்கோ, எண்ணெய்ப் பொரியலை விடுங்கோ. வெளியிலை சாப்பிடவேண்டி வந்தால் கொத்துரொட்டிக் கடைப் பக்கம் போகாமல் மரக்கறியாப் பாத்துச் சாப்பிடுங்கோ." நானும் பக்கத்திலை நிண்டு தலையாட்டினனான். குருநகர்க் கடற்கரையிலை பிறந்த எங்களுக்கு மரக்கறி எண்டால் என்ன? தவக்காலம். பெரிய வெள்ளி. மூக்காலை அழுதுகொண்டு சாப்பிடுறது. அப்பிடிச் சாப்பிட்டால் வருத்தம் மாறாமல் என்ன செய்யும்?

இவர் நேரை கோயிலுக்குப் போய் நேர்த்தி வைச்சிட்டார். கண் ஒப்பரேசன் முடியுமட்டும் மீன் தொடமாட்டாராம். கடலிலை வளந்த மனிசன்! நான் உருகிப்போனன். வீட்டிலை பிள்ளையளுக்கு மீன் காய்ச்சினால் மணத்துக்கே மனிசன் துடிக்கும். அதாலை மத்தியானத்திலை ரவுணுக்குள்ளை சைவக்கடைக்குப் போகத் தொடங்கினம்.

சைவக்கடைப் பழக்கம் தெரியும்தானே. குந்த முதலே தட்டு வந்திடும். உழுந்துவடை, போண்டா, ரோல்ஸ், வாய்ப்பன். எடுத்ததுக்கு மட்டும் காசு. "கேக்காமலே கொண்டுவந்து வைக்கிறாங்கள், வேண்டாமெண்டு சொல்லுறது மரியாதையே?" எண்டு கேப்பார். மரியாதைதானே எண்டு நானும் தட்டை அவரின்ரை கையடிக்குத் தள்ளிவிடுவன். சாம்பாரிலை ஊறப்போட்டால் அது பொரியல் இல்லையாம். பிறகு நெய்த்தோசை. பிறகு கேசரி, அது பிரசாதம் மாதிரியாம். எங்கடை கோயிலிலை எப்ப கேசரி குடுத்தவை எண்டு நான் கேக்கேல்லை. ஏனெண்டால் என்ரை வாய்க்குள்ளையும் கேசரி.

ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பெருமூச்சு. "மீன் இல்லாமல் இதெல்லாம் ஒரு சாப்பாடே, றெஜினா? எல்லாம் ஆண்டவருக்காக." பக்கத்து மேசைக்காரர் இரக்கப்பட்டுப் பாப்பினம்.

போன கிழமை கிளினிக். சீனி இறங்கேல்லை, ஏறிப்போய் நிக்குது. "என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு தனுசியா கேட்டாள். இவர் நெஞ்சை நிமித்திச் சொன்னார்: "இறைச்சி இல்லைப் பிள்ளை. மீன் கையாலையும் தொடேல்லை. சைவக்கடைச் சாப்பாடுதான். வடை, தோசை..."

பிள்ளை தலையிலை கையை வைச்சாள். "ஐயோ, மீனை ஆர் விடச் சொன்னது? மீன்தானே உங்களுக்கு நல்லது! நான் விடச் சொன்னது உந்த வடையை!"

எனக்கு வந்த கோவம்! வெளியிலை வந்த உடனை, "இண்டைக்கே மீன் வாங்குறன்" எண்டன்.

"நேர்த்தி வைச்சிருக்கிறன். ஒப்பரேசன் முடியாமல் தொடேலாது."

"சீனி இறங்காமல் ஒப்பரேசன் ஏது, மனிசா?"

"அதுக்காக ஆண்டவரோடை விளையாடலாமே?"

இழுத்துக்கொண்டு பங்குச் சுவாமியிட்டைப் போனன். சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நேர்த்தியை மாத்தலாம், சிமியோன். மீனைச் சாப்பிடும். அதுக்குப் பதிலா வடையை விடும்" எண்டார். இவரின்ரை முகம் செத்துப்போச்சு. "சுவாமி, நான் மீனையே விடுறனே" எண்டு கேட்டார் பாருங்கோ!

திரும்பி வரேக்கை, தலையிடிக்குது, ஒரு பிளேன்ரீ மட்டும் குடிப்பம் எண்டு கெஞ்சினார். அதே கடை. அதே தட்டு வந்துது. இந்தமுறை நான் தட்டைத் தொடேல்லை. ஏசுறதுக்கு வாயைத் திறந்தன். அதுக்குள்ளை இவர், "வேண்டாம் தம்பி, கொண்டுபோம்!" எண்டு வீரமாக் கையாலை தள்ளினார்.

தள்ளுப்பட்டது தட்டில்லை. தண்ணிக் கோப்பை. தண்ணி முழுக்க என்ரை மடியிலை. இவர் கோப்பை இருந்த இடத்திலை வெறும் மேசையைத் தடவிப் பாத்துப்போட்டு, "எடுத்திட்டானே?" எண்டு கேட்டார்.

தட்டு அவரின்ரை முகத்துக்கு நேரை இருந்துது. கண் இவ்வளவுக்கு இருட்டிப்போச்சே!

"ஓமப்பா, கொண்டுபோட்டான்" எண்டன். தட்டைச் சத்தமில்லாமல் தூக்கி அடுத்த மேசையிலை வைச்சன்.

பின்னேரம் விளைமீன் வாங்கிச் சொதி வைச்சன். நாக்காலை முள்ளுப் பிரிக்கிற மனிசன், அண்டைக்குத் தட்டிலை கையை வைக்கப் பயந்துகொண்டிருந்தார். நானே முள்ளெடுத்துக் குடுத்தன். ரெண்டு வாய் சாப்பிட்டுப்போட்டு, "உதோடை ஒரு வடையும் இருந்தால்..." எண்டு மெல்லத் தொடங்கினார்.

ஏசத்தான் வெளிக்கிட்டன். அடுத்த துண்டிலை முள்ளெடுத்துக் குடுத்தன்.

"ஜெசிதாவின்ரை கலியாணத்தண்டு ஒரு தட்டு வைக்கிறன். நீங்களே கண்ணாலை பாத்து எடுங்கோ" எண்டன்.