டம்மி எழுந்து போகலாம்

கம்ப்யூட்டர் வேண்டும் என்று விசாலாக்ஷி சொன்னதும் பத்ரிநாராயணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில், மிக்ஸிக்கு அப்புறம் அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான். அதுவும் வாங்கினால் போதாதாம், டெலிபோனோடு சேர்த்து இன்டர்நெட்டும் வேண்டுமாம். மின்சார இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாக வீட்டு ஃப்யூஸ் மட்டும் போட்டுக்கொண்டிருந்த மனுஷருக்குக் கசக்குமா என்ன? காரணத்தைக் கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டார். அவள்தான் நிறுத்தி, ஷீலாவின் கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

ஷீலா, சுலோச்சனாவின் பெண். சுலோச்சனா, விசாலாக்ஷியின் பிரிட்ஜ் ஜோடி. நால்வர் ஆடும் சீட்டாட்டம் அது. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. தி. நகரில் ஒரு பெண்கள் மன்றத்தின் மாடியில், புதனும் சனியும் மாலை நாலு மணிக்கு, இருபத்திரண்டு வருஷம் இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அடையாறிலிருந்து சுலோச்சனா பஸ் பிடித்து வருவாள், மயிலாப்பூரிலிருந்து இவள். கணவர் ரகுபதி போன பிறகு சுலோச்சனாவை ஷீலா நியூஜெர்சிக்கு அழைத்துப் போய்விட்டாள். போன இரண்டாவது குளிர்காலத்தில் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. வலது கை மடியில் கிடந்தது.

“புத்தி தெளிவா இருக்கு ஆன்ட்டி. ஆனா எதையும் செய்ய மாட்டேங்கறாங்க. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. இந்த ரெண்டு மூணு மாசத்துல கை அசைஞ்சாத்தான் உண்டு, இல்லேன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார். இன்டர்நெட்ல பிரிட்ஜ் ஆடலாம். யார் யாரோடவோ உட்கார வெச்சுப் பார்த்தேன், தொடவே இல்லை. எதிர்ல நீங்க இருந்தா ஆடுவாங்கன்னு தோணுது” என்று எழுதியிருந்தாள்.

இவ்வளவுதான் கடிதம். படித்து முடித்து விசாலாக்ஷி அதை மடித்தாள். பத்ரி செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்று வாரத்தில் கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் வந்து உட்கார்ந்தது. அந்த நாளில், தொண்ணூற்றேழில், இன்டர்நெட் என்பது டெலிபோன் கம்பி வழியாக வீறிட்டுக் கத்திக்கொண்டு வரும். வந்தால் வீட்டு போன் வேலை செய்யாது. அறுபத்தோரு வயதில் விசாலாக்ஷி மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

“மவுஸை ஏன் தூக்கறே? உருட்டு!” என்பார் பத்ரி.

“உருட்டினா மேஜை முடிஞ்சுபோறதேன்னா!”

கணக்கு டீச்சராக முப்பது வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவள், இப்போது கணவரிடம் திட்டு வாங்கினாள். ஒன்று சொல்ல வேண்டும். பத்ரிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பிரிட்ஜில் ஆனா ஆவன்னா தெரியாது. இவளுக்கு பிரிட்ஜ் தலைகீழ்ப் பாடம், கம்ப்யூட்டர் இனிமேல்தான். கேட்டிருந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் கேட்கிற பழக்கம்தான் கிடையாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏற்பாடு. நியூஜெர்சியில் அது சனிக்கிழமை ராத்திரி எட்டு. நாலாவது தடவை லைன் கிடைத்தது. திரையில் பச்சை மேஜை. எதிரே, மேல் ஓரத்தில், சுலோ என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். பக்கவாட்டில் கனடாக்காரர் ஒருவரும் டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மாளும். பெயரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் விசாலாக்ஷி தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

முதல் இரண்டு ஆட்டமும் அம்மாவுக்காக ஷீலாதான் அமுக்கினாள். ஸ்பேட், ஹார்ட் என்று எந்த ஜாதிச் சீட்டை வைத்து ஆடுவது என்பதற்கு முதலில் ஏலம் கேட்க வேண்டும். மூன்றாவதில் சுலோச்சனா பக்கமிருந்து ஏலம் ஸ்பேடில் ஆரம்பித்தது. விசாலாக்ஷி அதை ஏற்றிக் கேட்டாள். நாலு ஸ்பேட் என்று முடிந்தது. உடனே திரையின் அடியில் ஷீலா ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தள்ளினாள்: “அம்மாவே அமுக்கினாங்க ஆன்ட்டி! என் கையைத் தட்டிவிட்டுட்டாங்க!”

விசாலாக்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏலத்தில் ஜெயித்த ஜாதியை முதலில் சொன்னவர்தான் ஆட வேண்டும். அவருடைய ஜோடி தன் பதின்மூன்று சீட்டையும் மேஜையில் விரித்து வைத்துவிடுவார். அவருக்குப் பெயர் டம்மி. அதற்கு மேல் அவருக்கு வேலையே இல்லை, அவர் சீட்டையும் சேர்த்து ஆடுபவரே போடுவார். ஆக சுலோச்சனாவின் கை இருபத்தாறு தடவை அசைய வேண்டும். ரப்பர் பந்து எங்கே, இது எங்கே!

மன்றத்தில் டம்மி ஆனவள் எழுந்து காபி குடிக்கப் போகலாம். மற்றவர்கள் போவார்கள், போக மாட்டார்கள். விசாலாக்ஷி போயே ஆக வேண்டும், சுலோச்சனா விரட்டிவிடுவாள். “எழுந்து போடி விசாலி. நீ இங்க இருந்தா உன் மூஞ்சியப் பார்த்து ஆடிடுவேன். அப்புறம் அது ஆட்டமா?” தப்பான சீட்டை எடுக்கப் போனால் இவள் புருவம் தானாக ஏறிவிடும். சுலோச்சனாவின் நேர்மைக்கு அது ஒத்துவராது. இருபத்திரண்டு வருஷமும் சீட்டை விரித்தவுடன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்வது இவள் சுலோச்சனாவுக்குச் செய்த மரியாதை.

“உன் வேலை முடிஞ்சுதா?” பத்ரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நங்கநல்லூரிலிருந்து அவர் அண்ணா கூப்பிடுவார்.

“முடிஞ்சுது. நான் டம்மி.”

“அப்போ லைனை விட்டுடட்டுமா?”

“விடுங்கோ. அவ ஆடி முடிக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். நான் காபி கலந்துண்டு வரேன்.”

இன்டர்நெட் லைனை விட்டுவிட்டார், போன் திரும்பி வந்தது. மேஜையிலிருந்து டம்மி எழுந்து போனால் மேஜை அங்கேயேதான் இருக்கும் என்று இவள் நினைத்தாள். வேலை முடிந்தது என்று இவளே சொன்ன பிறகு அவருக்கு நினைக்க என்ன இருக்கிறது?

காபியை ஆற்றிக் குடித்துவிட்டு வந்தால், அண்ணா கூப்பிட்டிருந்தார். ஆஞ்சநேயர் கோவில் கூட்டத்தில் ஆரம்பித்து முழங்கால் வலி வரை வந்தார். அண்ணாவைப் பாதியில் வெட்டும் தைரியம் பத்ரிக்குப் பிறந்ததிலிருந்து கிடையாது. கையால் விசாலாக்ஷியிடம் ஜாடை மட்டும் காட்டினார். அவர் வைத்த பிறகு டயல் செய்தால் எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. ஊரில் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் இன்டர்நெட்டுக்குள் புகுந்துகொண்டார்களோ என்னவோ. எட்டரை வரைக்கும் அந்த டொய்ங் டொய்ங் சத்தம்தான். விசாலாக்ஷிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளிநாட்டுக்குப் பேசும் ஐஎஸ்டி வசதி வீட்டு போனில் கிடையாது. கட்டியிருந்த புடவையோடு தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினாள்.

“இன்னா மாமி, காலைலயே ஐஎஸ்டியா? நல்ல சேதிதானே?” என்றார் பூத்துக்கார பீர் முஹம்மது. விசாலாக்ஷி நம்பர் எழுதிய காகிதத்தை நீட்டினாள்.

ஷீலா எடுத்தாள். “ஆன்ட்டி! என்ன ஆச்சு? அம்மா மூணு சுத்து நல்லா ஆடினாங்க. நாலாவது சீட்டைத் தொட்டாங்க, உங்க பேர் இருந்த இடம் காலியாயிடுச்சு. நாலு பேர்ல ஒருத்தர் போனா ஆட்டம் நின்னுடும் ஆன்ட்டி. அவங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போயிட்டாங்க. அம்மா மட்டும் மவுஸ்ல கையை வெச்சபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. லைன் கட்டாகியிருக்கும்னு சொன்னேன்.”

விசாலாக்ஷி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாம். பழி போட ஒரு கம்பி தயாராகத்தான் இருந்தது. ஆனால் சுலோச்சனாவிடம் அவள் சீட்டில்கூடப் பொய் சொன்னதில்லை.

“லைன் கட்டாகலைம்மா. நான்தான் எழுந்து போனேன். டம்மிதானேன்னு போயிட்டேன். போனை அம்மா காதுல வை.”

வைத்தாள் போலிருக்கிறது. மூச்சு மட்டும் கேட்டது.

“சுலோ, நான்தான். எப்பவும் போறாப்ல போயிட்டேன்டி. நீ விரட்டுவியே, அந்த மாதிரி. அங்கேயும் மேஜை அப்படியே இருக்கும்னு நெனச்சுட்டேன். அடுத்த வாரம் நகர மாட்டேன். கேக்கறதா சுலோ?”

மூச்சுதான். கோபமா, புரிந்ததா, தூக்கமா? முகத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? ஷீலா திரும்ப வாங்கி, “தலையை ஆட்டினாங்க ஆன்ட்டி” என்றாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று கேட்க விசாலாக்ஷிக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிட வேண்டாம் என்று பத்ரி அண்ணாவுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து முதல் தடவை. ஆறு மணிக்கே லைன் கிடைத்துவிட்டது. ஆறரைக்கு எதிரே சுலோ என்ற பெயர் வந்து நின்றது. பக்கவாட்டில் அதே கனடாக்காரரும் டென்மார்க் அம்மாளும். விசாலாக்ஷி நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

“இன்னிக்கு ஆரம்பத்துலேர்ந்தே அம்மாதான் அமுக்கறாங்க. நான் தொடலை” என்று ஷீலா எழுதினாள்.

ஏலத்தில் சுலோச்சனாவின் முறை. பாஸ். ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம். விசாலாக்ஷி கையில் ஹார்ட் நன்றாக இருந்தது, கேட்டாள். உடனே சுலோச்சனா அதையே நாலுக்கு ஏற்றினாள். அப்படியானால் ஆட்டம் விசாலாக்ஷியுடையது, சுலோச்சனா டம்மி. எதிரே சீட்டுகள் விரிந்தன. விசாலாக்ஷி விழித்தாள். இரண்டு ஏஸ், மூன்று ராஜா. பெரிய சீட்டுகளுக்குப் பாயிண்ட் எண்ணினால் பதினேழு. பதின்மூன்று இருந்தாலே வாய் திறக்க வேண்டும் என்பது பிரிட்ஜில் முதல் பாடம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பாஸா? கை நழுவியிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. முதலில் பாஸ், விசாலாக்ஷி ஏதாவது சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டு ஏறுவது. மூன்றாவதில் விசாலாக்ஷியின் கையில் ஒன்றுமே இல்லை. பாஸ் என்றாள். டென்மார்க் அம்மாள் பாஸ். சுலோச்சனா பாஸ். கனடாக்காரரும் பாஸ். ஆட்டமே இல்லாமல் நாலு பேர் சீட்டும் திரையில் விரிந்தன. சுலோச்சனாவிடம் பத்தொன்பது பாயிண்ட்.

அப்போதுதான் விசாலாக்ஷிக்கு உறைத்தது. நழுவவில்லை. அந்தக் கையில் ஒரு சின்னத் தப்புகூட இல்லை. சுலோச்சனா எந்த ஜாதியையும் முதலில் சொல்ல மாட்டாள். சொன்னால் ஆட்டம் அவளுடையதாகிவிடும், விசாலாக்ஷி டம்மி ஆகிவிடுவாள். டம்மி ஆனால் விசாலாக்ஷி எழுந்து போய்விடுவாள்.

“என்னாச்சு? ஏன் அழறே?” என்றார் பத்ரி.

அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரே விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்தாள். நான் இங்கேதான் இருக்கேன் சுலோ. எழுந்துக்க மாட்டேன். சத்தியமா மாட்டேன். நீ கேளு, நீ ஆடு.

கொஞ்சம் பொறுத்து ஷீலா எழுதினாள்: “படிச்சுக் காட்டினேன் ஆன்ட்டி. அம்மா சிரிக்கிறாங்க! இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!”

சீட்டு மறுபடி விழுந்தது. சுலோச்சனாவின் முறை. விசாலாக்ஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்.

விசாலாக்ஷி ஒரு ஸ்பேட் கேட்டாள், சுலோச்சனா நாலுக்கு ஏற்றினாள். எதிரே பதின்மூன்று சீட்டும் விரிந்தன. விசாலாக்ஷி தன் சீட்டைப் போட்டாள், சுலோச்சனாவின் சீட்டையும் போட்டாள், இருபத்தாறு தடவை, ஒரு குறையும் இல்லாத தன் வலது கையால். கடைசிச் சீட்டு விழும் வரை சுலோச்சனா கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.