பிள்ளை பார்க்கும் வேலை

டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் காலை வேலை கம்பிக் கதவருகே தொடங்கும். முதலாளி அனுராதா தீதி ஒவ்வொரு பிள்ளையின் கையையும் திருப்பிப் பார்ப்பாள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பாள். பார்த்து முடித்த பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வது மங்கையர்க்கரசியின் வேலை.

போன வாரம் ராகவின் மூக்கடியில் இரண்டு புண், தேன் காய்ந்தாற்போல மஞ்சள் பொருக்கோடு இருந்தது. கொசு கடித்தது என்றாள் அவன் அம்மா ஷியாமளா, அவளும் தமிழ்க்காரிதான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, லீவு கிடைக்காது. தீதி தலையாட்டி உள்ளே விட்டாள். மங்கையின் தோளில் முகம் புதைத்தால்தான் ராகவ் தூங்குவான். சாயங்காலம் அதே தோளில் அவள் மகள் அக்‌ஷயா தூங்கினாள். மூன்று வயது. மகளையும் கூட்டி வரலாம் என்றதால்தான் மங்கை இந்தச் சொற்பச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்‌ஷயாவின் வாயோரம் கொப்புளம் கண்டது. பங்குனி வெயிலில் கொப்புளம் என்றால் மங்கையின் ஊரில் ஒரே அர்த்தம்தான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினாள். ஹவுராவில் லேத் பட்டறைக்குப் போகும் கணவன் மணிவேல் டாக்டரிடம் காட்டலாம் என்றான்.

"ஆத்தா வந்திருக்கறப்ப ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவக்கூடாதுங்க."

இதை மறைப்பதும் அவளுக்குப் பாவம். வங்காளிகளும் அம்மையைத் தாயின் தயை என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லையே சொல்லி லீவு கேட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அக்‌ஷயாவுக்கு அம்மை என்று தீதி பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

கொப்புளம் உடைந்து கழுத்துவரை மஞ்சள் பொருக்குக் கட்டியது. ராத்திரியெல்லாம் பிள்ளை சொறிந்து அழுதாள். கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இது அம்மையே இல்லை, ஒட்டிக்கொள்ளும் தோல் நோய், முதலிலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். மங்கைக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மருந்து ஜன்னலில் களிம்பு தீர்ந்திருந்தது. வெளியே வாங்கலாமென்றால் மணிவேலுக்குச் சனிக்கிழமைதான் கூலி.

மறுநாள் தீதி அக்‌ஷயாவைக் கதவிலேயே நிறுத்தினாள். அம்மை இல்லை என்று டாக்டர் சொன்னதை மங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ராகவுக்கும் இப்போது கன்னமெல்லாம் பொருக்கு. ஆனால் அவனுக்கு மருந்து போட்டாகிறது, அவன் இருக்கலாம் என்று தீதி முடித்துவிட்டாள்.

"உங்க பொண்ணுகிட்டேர்ந்துதான் இவனுக்கு வந்திருக்கு" என்றாள் ஷியாமளா. "நீங்க வாங்க, நீங்க இல்லாம இவன் தூங்கவே மாட்டேங்கறான். அவளை மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

"தம்பிக்குதான் மேடம் மொதல்ல இருந்துச்சு. நான்தான் தொடச்சு விட்டேன்."

"அது கொசுக்கடி."

களிம்பை மங்கையின் கையில் கொடுத்துவிட்டு ஷியாமளா ஆட்டோவைக் கூப்பிட்டாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். வேலையை விடவும் வழியில்லை. அக்‌ஷயாவை வெளியே படியில் உட்காரவைத்துவிட்டு மங்கை உள்ளே போனாள்.

ராகவை மடியில் கிடத்தி, பொருக்கை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து, களிம்பு பூசினாள். விரல் நுனியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவனைப் பாயில் விட்டுவிட்டு எழுந்து கதவருகே வந்தாள். அக்‌ஷயா கம்பிகளுக்கிடையே முகத்தை நீட்டினாள்.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவு என்று பின்னாலிருந்து தீதி வங்காளத்தில் சொன்னாள்.

மங்கை குழாயடிக்குப் போய்க் கழுவினாள். அக்‌ஷயா நீட்டிய முகத்தை எடுக்காமல் நின்றிருந்தாள்.