வத்சலா டாக்டர் விட்டுவைத்த பாடம்

டாக்டர் வத்சலா எந்த நோயைப் பற்றிப் பாடம் எடுத்தாலும், வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நோய் வரும். நாற்பத்தைந்தாவது நிமிடம் பியூன் மணி அடித்ததும் போய்விடும். 1997இல் அவர் தில்லியின் அந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து நடத்திய முதல் பாடம் மலேரியா. கொளுத்தும் மே மாதத்தில் அறுபது பேர் பல் கிடுகிடுக்க நடுங்கினார்கள். நிர்வாகம் ஒரு குழு அமைத்தது. குழு மூன்று பக்க அறிக்கை கொடுத்து, பத்துக் கம்பளிகள் வாங்கச் சொன்னது. சிறுநீரகக் கல் பாடம் முடிந்த அன்று பதினோரு பையன்கள் அப்பாவுக்குப் போன் போட்டு, 'இத்தனை நாள் நீங்கள் நடிப்பதாக நினைத்தேன்' என்று அழுதார்கள். கரோல் பாக் வாடகை வீட்டில் ஒரு குமாஸ்தாவின் மகளாக வளர்ந்து, புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே வத்சலாவுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. நடந்துகொண்டே பாடம் எடுப்பார். நோய் அவரை மட்டும் தொட்டதே இல்லை. துரத்திப் பிடிக்க முடியவில்லை போலும். ஒருமுறை பிரின்சிபால் அவசரமாகக் கூப்பிட்டதால் மஞ்சள் காமாலையைப் பாதியில் விட்டுப் போனார். மீதியை வந்து முடிக்கும்வரை ஐந்து நாள் வகுப்பே மஞ்சளாக மெட்ரோவில் போய் வந்தது.

இருபத்தைந்து வருடங்களாக அவர் தொடாத பாடம் ஒன்றே ஒன்று, வெறிநாய்க்கடி. மற்ற நோய்களில் பிழைத்தவர்கள் உண்டு. இது முற்றிவிட்டால் அநேகமாக யாரும் மீண்டதில்லை. மணி அடித்தும் போகாவிட்டால்? "இத நீங்களே படிச்சுக்கோங்க" என்பார். அவர்களும் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மறந்தார்கள். உடம்பில் பட்டது மட்டும்தான் அவருடைய மாணவர்களுக்கு நினைவில் நிற்கும்.

மோதி பாகில் வத்சலாவின் குவார்ட்டர்ஸில் வேலை செய்த பவுனு, 2022 மார்ச் மாதம் ஒரு காலையில், கட்டட வேலைக்குப் போகும் தன் கணவர் கருப்பசாமியின் காலில் காயம் என்று போனில் சொன்னார். வத்சலா விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். "டாக்டர் மாதவ்கிட்ட காட்டு, என் பழைய ஸ்டூடண்ட்தான்" என்றார். எதனால் காயம் என்று நின்று கேட்கவில்லை. மாதவ் கேட்டார். தெருநாயின் சிறிய பிறாண்டல் என்று தெரிந்தும், கழுவிக் கட்டுப்போட்டு, ஒரு டெட்டனஸ் ஊசியோடு அனுப்பிவிட்டார். மே மாதம் கருப்பசாமி தண்ணீரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ஜூலையில் வத்சலா அந்தப் பாடத்தை அட்டவணையில் போட்டார். மாதவ் தானே வந்து உட்கார்ந்தார். வகுப்பு வாசலில் பவுனு நின்றிருந்தார்.

"நானும் உக்கார்றேன் டாக்டரம்மா. அவருக்கு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"வேண்டாம் பவுனு. மணி அடிச்சும் போகலன்னா?"

"அச்சா, போகலன்னா அவர் போன எடத்துக்குத்தான போவேன்."

பவுனு கடைசி பெஞ்சில், மாதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பதாவது நிமிடம் மின்விசிறிக் காற்று பட்டதும் முன்வரிசை துடித்தது. "பையா, பங்கா பந்த் கரோ" என்று யாரோ அலற, பியூன் நான்கு விசிறிகளையும் நிறுத்தினார். பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததுமே தொண்டை இறுகி, அதை வீசி எறிந்தாள். எச்சிலைக்கூட யாராலும் விழுங்க முடியவில்லை. வத்சலா பயந்தார். ஓடிவிடலாம் என்று இரண்டு முறை கதவுவரை போனார். பாதியில் விட்டால் நோய் அப்படியே நிற்கும். இந்த நோயோடு ஐந்து நாள் யாரும் இருக்க முடியாது. திரும்பி வந்து, நடந்து நடந்து, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதிலிருந்து கடைசி ஊசிவரை சொல்லி முடித்தார்.

மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்கும் தைரியமில்லை.

"இப்டியா இருந்துச்சு அவருக்கு" என்றார் பவுனு. "நான் குடி குடின்னு சொம்ப வாயில வச்சு அழுத்துனேனே."

பிறகு தன் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். தண்ணீர் இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்த மாதவிடம் பாட்டிலை நீட்டினார். அவரும் குடித்த பிறகுதான் வகுப்பில் மற்ற பாட்டில்கள் திறக்கும் சத்தம் கேட்டது. வத்சலா வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். கல்லூரியில் அவர் உட்கார்ந்ததை யாரும் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தப் பாடம் ஒவ்வொரு ஜூலையும் நடக்கிறது. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். பவுனு அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். மணி அடித்ததும் அறுபது பேரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். அவர் ஒரு வாய் குடிப்பார். அப்புறம் எல்லோரும் குடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவார்கள்.